மிஸ்கீனைக் காணவில்லை

‘காணவில்லை’ என்பதைச் சிவப்பில்தான் போட வேண்டும், பாஹிமா. நீலத்தில் போட்டால் யாரோ புதுக்கடை திறக்கிறார்கள் என்று ஆட்கள் தாண்டிப் போய்விடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாகத் தென்காசியில் போஸ்டர் அடிக்கிற முத்துக்குமாரசாமிக்கு இதுகூடத் தெரியாதா. உட்காரு. அந்த நாற்காலி வேண்டாம், அது உன் வாப்பாவுடையது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள். ஃபோனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி எனக்குக் காட்ட வேண்டாம். நீ கண்டுபிடித்தது சரிதான். காலையிலிருந்து உங்கள் வீட்டில் பீரோவைக் கவிழ்த்துப் போட்டு வாப்பாவின் பாஸ்போர்ட்டைத் தேடுகிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

உன் வாப்பா ரபீக் பாய் சவூதி தமாமிலிருந்து மொத்தமாகத் திரும்பி, உன் உம்மாவும் தவறிய பிறகு, தினமும் சாயங்காலம் நாலரைக்கு இந்தக் கடைக்கு வந்துவிடுவார். மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை இருப்பார். ரெண்டு டீ. அன்றைக்கு அடிக்க வேண்டிய போஸ்டர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசிப்பார். ஒருமுறை ஒரு கண்ணீர் அஞ்சலியில் இறந்தவரின் படத்தைக் கீழே சின்னதாகவும், துயரத்தில் வாடும் தம்பியின் படத்தை நடுவில் மாலையோடும் போட்டுவிட்டேன்.

“ஏ சாமி, இந்த மனுசன் இப்பந்தான எதுத்தாப்ல டீ குடிச்சிட்டுப் போனாரு,” என்றார் பாய். “நாளைக்கு இத ஒட்டுனம்னா ஒன்னிய உயிரோட விடுவாரா?”

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அன்றிலிருந்து அவர் பார்க்காமல் நான் எதையும் அச்சுக்கு அனுப்பியதில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். எனக்குப் பொழுது விடிவதே நாலரைக்குத்தான்.

அப்போதுதான் நீ அந்தப் பூனையை அனுப்பிவைத்தாய். வாப்பா தனியாக இருக்கிறார் என்று சார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு கவலைப்பட்டாயாம். அவர் எங்கே தனியாக இருந்தார், என்னோடுதான் இருந்தார். பூனை வெள்ளை வெளேரென்று இருந்தது, மூஞ்சி மட்டும் கதவில் இடித்துக்கொண்ட மாதிரி அமுங்கியிருந்தது. மிஸ்கீன் என்று பெயர் வைத்தார். ஏழை என்று அர்த்தமாம். ஏழைக்கு ரெண்டு வேளை அவித்த மீன், தனி ஃபேன், மயிர் சீவ ஒரு சீப்பு. நாலரைக்கு வந்துகொண்டிருந்தவர் ஐந்துக்கு வர ஆரம்பித்தார். பிறகு வாரத்துக்கு ஒருநாள். கேட்டால், “வரணும்னுதான் பாக்கேன் சாமி. நான் செருப்ப மாட்டுனா அது வாசல்ல உக்காந்து அழுவுது,” என்றார். நான் அழுததை யார் பார்த்தார்கள்.

ஜூலை பதினொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. அவர் ஜும்ஆவுக்குப் போயிருந்தார். மை வந்த அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். சாவி எந்தப் பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா. பூனைக்கும் நான் பழகிய ஆள்தான், தானாகவே பெட்டிக்குள் ஏறிக்கொண்டது. காற்றுக்காக நாலு பக்கமும் ஓட்டை போட்டிருந்தேன். கொடுமைக்காரன் ஓட்டை போடுவானா? அன்றைக்கே என் வீட்டு மாடியறையில் அதற்கு மணல் தொட்டி, தட்டு, மெத்தை எல்லாம் தயார்.

அன்று சாயங்காலம் சரியாக நாலரைக்குப் பாய் வந்தார். கண் கலங்கியிருந்தது. “சாமி, மிஸ்கீனக் காணும்,” என்றார். நான் ரெண்டு டீ சொன்னேன்.

அதற்குப் பிறகு நாங்கள் இருந்த சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்ல. போஸ்டர் வாசகத்துக்கே ரெண்டு நாள் ஆனது. “‘தெரிவிக்கவும்’னு அதட்டாத. ‘தயவுசெய்து’ன்னு போடு. நம்மதான கேக்கோம்,” என்றார். மைதாவைக் காய்ச்சிப் பசை கிண்டி, மாடு தின்றுவிடாமலிருக்க மயில்துத்தம் போட்டு, என் ஸ்கூட்டரில் ஏறினோம். அவர் பின்னால் வாளியோடு. மேலகரம், இலஞ்சி, செங்கோட்டை என்று ஒரு சுவரை விடவில்லை. ஐந்தருவியில் நல்ல சீசன். நாங்கள் ஒட்ட ஒட்டக் குரங்குகள் பின்னாலேயே கிழித்துக்கொண்டு வந்தன. ஒரு குரங்கு போஸ்டரை நிதானமாகப் பார்த்துவிட்டு, அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனது.

“விசாரிச்சுச் சொல்லும்போல,” என்றார் பாய். சொல்லிவிட்டுச் சிரித்தார். பூனை போன ஒன்பதாம் நாள் அது. அந்தச் சிரிப்பை வரவழைத்தவன் நான், நீ அனுப்பிய பூனை அல்ல.

தென்காசியில் தொலைந்த பூனையை ஐந்தருவியில் ஏன் தேடினீர்கள் என்று கேட்பாய். அங்கே பார்த்ததாக ஃபோன் வந்தது. பேசியது நான்தான், வேறொரு சிம்மில். முதல் தடவை செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்து ஆள் மாதிரி மலையாளத்தில் பேசிப் பார்த்தேன். தமாமில் இருபது வருஷம் மலையாளிகளோடு ஒரே அறையில் படுத்தவர் என்பதை மறந்துவிட்டேன். அவர் மடை திறந்த மாதிரி மலையாளத்தில் கேள்வி கேட்க, எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. ஃபோனை வைத்துவிட்டேன். அதற்கப்புறம் தமிழிலேயே பேசினேன், வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு. வாரத்துக்கு ரெண்டு ஃபோன். அதற்கு மேல் போட்டால் அவருக்கு அலைச்சல்.

ரெண்டாம் தடவை அடித்தபோதுதான் தப்பு நடந்தது. தொழில்காரனுக்கு வரும் தப்பு. உன் வாப்பா தந்த படம் வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்தது, பெரிதாக்கினால் பூனையா இடியாப்பமா என்று தெரியாது. அப்படி ஒன்றை என் கடைப் பெயரோடு ஊரெல்லாம் ஒட்ட எனக்கு மனசு வரவில்லை. மாடிக்குப் போய்ப் புதிதாகப் படம் எடுத்தேன். மீசையில் ஒவ்வொரு முடியும் எண்ணலாம். பின்னாலிருந்த சுவரை வெட்டி எடுத்துவிட்டேன். காலடியில் மட்டும் ஒரு துண்டை விட்டுவைத்தேன். நிழலையும் வெட்டினால் பூனை அந்தரத்தில் தொங்கும், பார்க்கச் சகிக்காது.

மாடியறைத் தரையில் விரித்திருந்தது அடித்து மிஞ்சிய போஸ்டர்கள். அந்தத் துண்டில் ‘நல்லதம்பி’ என்ற பெயரும் அவர் காலமான 18.7 என்ற தேதியும் தெரிகின்றன. பதினொன்றாம் தேதி தொலைந்த பூனை, பதினெட்டாம் தேதி இறந்தவரின் கண்ணீர் அஞ்சலியில் எப்படி நிற்கும்? ஊரே அதைத் தாண்டித்தான் போனது, ஒருவருக்கும் உறைக்கவில்லை. சார்ஜாவிலிருந்து வந்த ரெண்டாம் நாளே நீ பிடித்துவிட்டாய். உன் வாப்பாகூட அந்த எழுத்தை வாசிக்கவில்லை. மிஸ்கீனின் முகத்தை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை.

“ஏ சாமி, கொஞ்சம் சத போட்ட மாரி தெரியுதே?”

“பழய படத்தப் பெருசாக்குனா அப்படித்தான் பாய்,” என்றேன். நம்பினார். நான் சொன்னால் நம்புவார்.

வாப்பாவின் கால் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சாரலில் அலைந்ததில் ஒரு கொப்புளம். சர்க்கரை உள்ள கால் என்று எனக்குத் தெரியும். பூனை என் மாடியில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வீட்டிலேயே இருந்திருப்பார். வீட்டிலேயே இருந்திருப்பார் என்பதால்தான் சொல்லவில்லை. ஆகஸ்டில் திருநெல்வேலியில் விரலை எடுத்தார்கள். ஒரு விரல்தான், அதுவும் சுண்டுவிரல். பன்னிரண்டு நாள் ராப்பகலாகப் பக்கத்தில் இருந்தவன் நான். “மாமா, நீங்க இல்லன்னா வாப்பா என்ன ஆவாங்க,” என்று ஃபோனில் அழுதாயே, அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். மனசு சரியில்லாத நாளில் போட்டுக் கேட்பேன்.

மிஸ்கீன் அதோ, அந்தப் பெட்டியில் தூங்குகிறது. தூக்கிப் பார், ஒரு கிலோ கூடியிருக்கும். எடுத்துப் போ. நான் யாருடைய பொருளையும் வைத்துக்கொள்கிறவன் இல்லை. எனக்குப் பூனையே பிடிக்காது.

பூனை கிடைக்காமல் உன்னோடு சார்ஜாவுக்கு வர மாட்டேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை டிக்கெட். இதெல்லாம் ஒருநாள் வரும் என்று எனக்கும் தெரியும், அதனால் முன்னாலேயே யோசித்துவைத்தேன். விசாவுக்கு ஸ்கேன் எடுக்கப் பாய் என்னிடம் பாஸ்போர்ட்டைத் தந்தார். உறையில் போட்டு, ஒட்டி, திருப்பிக் கொடுத்தேன். உறைக்குள் இருந்தது பழைய டைரி. பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கிறது. எங்கே என்று இப்போது கேட்காதே.

பாஸ்போர்ட்டுக்கான அறிவிப்பை நேற்றே வடிவமைத்துவிட்டேன். பார், எத்தனை தெளிவாக வந்திருக்கிறது. காணவில்லை, சிவப்பில். பசைக்கு மைதாவும் வாங்கியாயிற்று. வாப்பாவை நாலரைக்கு அனுப்பிவை, பாஹிமா. வாசகத்தை அவர்தான் பார்க்க வேண்டும்.