அளவு ரவிக்கை

இதை வாசிக்கும் பெரியோர்கள் அவரவர் இடத்தில் எழுந்து நின்று கேட்க வேண்டிய அறிவிப்பு ஒன்று உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டாம் வருஷம் மார்ச் மாதம் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. அதே மாதம், திருக்கோகர்ணத்தில் கோயிலுக்குப் போகும் தெருவில், ஆத்மநாதனாகிய நான் ஒரு தையல் மிஷின் வாங்கினேன். முதல் சம்பவத்தைப் பத்திரிகைகள் எழுதின. இரண்டாவதை ஏனோ விட்டுவிட்டார்கள்.

இப்போது இதையெல்லாம் எழுதும்படி என்னை யாரும் கேட்கவில்லை. போலீஸ் வந்ததில்லை, பஞ்சாயத்துக் கூடியதில்லை. தெருவில் எதிரே வருகிறவர்கள் என்னைப் பார்த்து, பாவம் மனுஷன் என்று ஒதுங்கி வழி விடுகிறார்கள். விசாரிக்க ஆள் இல்லாததால் கேள்வியையும் நானே கேட்டுக்கொண்டு பதிலையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஆண் டெய்லர் பெண்கள்மேல் டேப் வைத்து அளக்கக் கூடாது. பெற்ற மகளாக இருந்தாலும் சரி. அவர்கள் பழைய ரவிக்கை ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதற்கு அளவு ரவிக்கை என்று பெயர். அதைப் பலகையில் விரித்து, அதன்மேல் புதுத் துணியைப் போட்டு வெட்ட வேண்டும். இதில் நான் பிற்பாடு கவனித்த விஷயம் ஒன்று உண்டு. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குத் தன் உடம்பு எவ்வளவு என்று சொல்ல அந்தப் பழைய துணியைத் தவிர வேறு சாட்சி கிடையாது. வீட்டுக் கண்ணாடியில் முகம் மட்டும் தெரியும், அதிலும் பாதி ரசம் போயிருக்கும். ஆளை நிறுக்கிற மிஷினைப் பார்க்க வேண்டுமென்றால் திருச்சி ஜங்ஷனுக்குத்தான் போக வேண்டும்.

மிஷின் வாங்கிய புதிதில் ரேஷன் காலம். உடம்பில் சதை இருந்தால் வீட்டில் நெல் இருக்கிறது என்று அர்த்தம். ஒல்லியான பெண்கள் வந்து, "கையை நல்லா பப்பு வச்சுத் தைங்க, பாக்க நெறவா இருக்கணும்" என்பார்கள். நானும் உள்ளே இரண்டு மடிப்புத் துணி வைத்து ஊரையே நிறைவாக்கினேன். என் மனைவி மீனம்மாள் கல்யாணமாகி வந்தபோது, "காத்தடிச்சா புடிச்சுக்கிறதுக்கு ஒரு ஆளு போடணுமா?" என்று என் வீட்டு ஆட்கள் கேட்டார்கள். அவளுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்தே ஆறு மாதத்தில் ஆளாக்கினார்கள்.

பிறகு டெண்டுக் கொட்டகை வந்தது. வாரப் பத்திரிகை அட்டைகள் வந்தன. மடிப்பு வைக்கச் சொன்ன அதே பெண்கள் அட்டையை மடித்து எடுத்துவந்து, "இது மாதிரி சிக்குனு இருக்கணும்" என்றார்கள். அட்டையில் இருந்தவளின் இடுப்பை இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் வைத்து அமுக்கியிருப்பார்கள் போலிருந்தது. பதினான்கு வருஷத்தில் பெண்களின் எலும்பு மாறவில்லை. மாறியது அட்டை மட்டும். நான் சம்மதித்தேன். கலைஞன் காலத்தோடு போக வேண்டும்.

அறுபத்திரண்டு சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் கடைக்குப் புதுப் போர்டு மாட்டினேன். 'மதராஸ் மாடல்களுக்கு' என்று அதில் எழுதியிருந்தது. மதராஸை நான் பார்த்ததில்லை. எழுத்துக்குப் பக்கத்தில் பெயிண்டர் ஒரு பெண்ணை வரைந்திருந்தான். அவள் இடுப்பு அவன் மணிக்கட்டு அளவு இருந்தது. அந்த வாரம் வாத்தியார் சம்சாரம் ராசாத்தி நாலைந்து பெண்களோடு கடைக்கு வந்தாள். அந்த நேரம் பார்த்து என் மகள் செவந்தி எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். ராசாத்தி போர்டைப் பார்த்தாள், செவந்தியைப் பார்த்தாள்.

"என்னங்க டெய்லரே, போர்டுல ஒருத்தி, வீட்டுல ஒருத்தியா? மதராஸ் மாடலு ஒங்க பொண்ணுக்கே ஒக்காரலையே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செவந்திதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள். பெரிய விஷயமில்லை, கதை ஒழுங்காக வரவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

செவந்திக்கு அப்போது பதினெட்டு வயது. குண்டு இல்லை. மீனம்மாளுக்குக் களி கொடுத்து என்ன உடம்பைக் கொண்டுவந்தார்களோ, அதை இவள் பிறக்கும்போதே கொண்டுவந்துவிட்டாள். நன்றாகச் சாப்பிடுவாள். ஜெகதாப்பட்டினத்துக் கருவாட்டுக்காரி வருகிற நாளில் ஒரு கும்பா பழைய சோறு காணாது. கடைசியில் விரலால் கும்பாவை வழிப்பாள். அந்தச் சத்தம் மிஷின் சத்தத்தைத் தாண்டிக் கடைவரைக்கும் கேட்கும்.

ஆவணி மாதம் அரிமளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ரெங்கராஜ், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அவருடைய தொப்பை அவருக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தது. கேசரி இரண்டு தட்டு சாப்பிட்டார். செவந்தி நான் தைத்த பச்சை ரவிக்கையில் வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். மறுநாள் தரகர் உடையப்பன் வந்தார்.

"ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்கண்ணே. பொண்ணு மூக்கும் முழியுமாத்தான் இருக்குங்கிறாங்க. ரவிக்கைக் கைதான் சதையப் பிதுக்கிக்கிட்டு நின்னுச்சாம். மாப்ளைக்குக் கொஞ்சம் ஒடிசலா வேணுமாம். தை மாசம் இன்னொரு தரம் வந்து பாக்குறோம்னாங்க."

"மாப்ளைக்கு நாலு மாசம் கர்ப்பம் மாதிரி இருக்கே, அதை யாரு பாக்குறது?" என்றாள் மீனம்மாள்.

"அது ஆம்பளைக்கு லட்சணம்மா" என்றார் உடையப்பன்.

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது.

மறுநாள் காலையில் நான் வேலையைத் தொடங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தகப்பன் என்றால் பெண்ணைக் கூப்பிட்டு, சோற்றைக் குறை என்று அதட்டியிருப்பான். நான் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். துவைத்து மடித்து வைத்திருந்த அவள் ரவிக்கைகளை எடுத்துப் பக்கத் தையலை ஒரு நூல் உள்ளே பிடித்தேன், அவ்வளவுதான். நூல் என்பது எங்கள் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பழைய தையலைப் பிரித்து, தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் ஊசித் துளைகூடத் தெரியாது. எல்லாவற்றுக்கும் முன்னால் பிடித்தது அளவு ரவிக்கையை. நீலச் சீட்டித் துணி. கடைச் சுவரில் அதற்கென்று ஒரு ஆணி இருந்தது.

"அப்பா, ரவிக்கை புடிக்குதுப்பா."

"எங்கத்தா?"

"கக்கத்துல. மேக்கொக்கி மாட்ட வரலை. துணி சுருங்கிருச்சோ?"

அவளே போய் ஆணியிலிருந்து நீல ரவிக்கையை எடுத்துவந்தாள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முனைக்கு முனை சேர்த்துப் பார்த்தாள். நூல் பிசகாமல் சரியாக இருந்தன. திரும்பக் கொண்டுபோய் மாட்டினாள்.

"அப்ப நாந்தான் பெருத்துட்டேன்."

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். சொன்னேன் அல்லவா, ஒரு சொல் சொன்னதில்லை என்று.

அன்றைக்கு இரவுச் சோற்றை நிறுத்தினாள். பத்து நாளில் ரவிக்கை அவளுக்குச் சரியாயிற்று. நான் இன்னொரு நூல் பிடித்தேன். அவள் பழைய சோற்றில் பாதியைக் குறைத்தாள். இன்னொரு நூல். இப்படித் துணி ஒரு எட்டு முன்னால் போகும், அவள் மூச்சு வாங்கப் பின்னால் வருவாள். ஐப்பசியில் நீராகாரத்தில் வந்து நின்றாள். சோற்றை முந்தானைக்குள் மறைத்துக் கொல்லைக்குக் கொண்டுபோய்க் கோழிக்குப் போடுவதை ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கோழிகள் நன்றாக இருந்தன.

கும்பாவை வழிக்கும் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. கவனிக்கவில்லை.

மீனம்மாள் கவனித்தாள். "ஏங்க, தலை வாரிவிட்டா கத்தை கத்தையா வருது. மூணு மாசமா வீட்டுக்குத் தூரமும் ஆகலை. கை ரெண்டும் சில்லுனு கெடக்கு. எவ கண்ணு பட்டுச்சோ" என்றாள். மிளகாய் சுற்றிப் போட்டாள். நான் கோயிலுக்குப் போய் செவந்தி பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்து விபூதி வாங்கிவந்து என் கையாலேயே பூசிவிட்டேன். அவள் நெற்றியில் கட்டைவிரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. உள்ளே எலும்பு இருந்த இடம் தெரிந்தது. வேலை நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். தொழில்காரனுக்கு அப்படித்தான் தோன்றும்.

தை மாதம் அவர்கள் மறுபடி வந்தார்கள். "இப்பத்தான் பொண்ணு லட்சணமா இருக்கு" என்று மாப்பிள்ளையின் தாயார் சொன்னார். பங்குனியில் முகூர்த்தம் வைத்தார்கள். போகிற வழியில் ராசாத்தி வீட்டுப் பெண்களும் எட்டிப் பார்த்து, போர்டிலிருந்து இறங்கி வந்தாற்போல இருப்பதாகச் சொன்னார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

நான் ராட்சசன் அல்ல. நிச்சயம் ஆனதுமே நிறுத்திவிட்டேன். பிடித்த தையல்களையெல்லாம் பிரித்து, எட்டு நூலையும் திரும்ப விட்டேன். ரவிக்கை தொளதொளவென்று இருந்தால் தான் மெலிந்துபோனது அவளுக்குத் தெரியும், சோறு சாப்பிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அளவு ரவிக்கையையும் பழையபடி விட்டு ஆணியில் மாட்டினேன்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் வெளியே போய்விட்டுக் கடைக்குத் திரும்பினேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. செவந்தி உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள். ஊசிக்கு அடியில் அந்த நீல ரவிக்கை.

"லூசா வுட்டுட்டீங்கப்பா. அதான் நானே புடிச்சுக்கிட்டேன்."

"அது லூசு இல்லத்தா. அதான் ஒன் அளவு."

"இல்லப்பா. லூசா இருந்தா ஒடம்பு ஊதிரும்."

அப்போதுதான் அவளிடம் சொன்னேன். எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான்தான் பிடித்தேன், ஒவ்வொரு நூலாகப் பிடித்தேன், நீ பெருக்கவே இல்லை என்று நிதானமாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் கொடுத்த முதல் வாக்குமூலம் அது. இது இரண்டாவது.

அவள் சிரித்தாள். பல் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"என்னையச் சாப்ட வைக்கிறதுக்காக இப்புடியெல்லாம் சொல்லாதீங்கப்பா. நான் அன்னைக்கே அளவு ரவிக்கைய வச்சுப் பாத்தேன்ல? அது சரியாத்தானே இருந்துச்சு."

மறுபடி மிதிக்கத் தொடங்கினாள். கால் நடுங்கியது, தையல் மட்டும் கோணவில்லை. நல்ல கை.

மாசி மாதம் கிணற்றடியில் விழுந்தாள். தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "சாப்பிடுறதே இல்லையா?" என்றார். "அதுக்குப் பசியே எடுக்கிறதில்லைங்க" என்று நான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில், மீனம்மாள் கஞ்சியை ஸ்பூனில் எடுத்து நீட்டிக்கொண்டிருக்கும்போதே, வாயைத் திறக்காமல் செத்துப்போனாள்.

கன்னிப் பெண் என்பதால் கல்யாணப் புடவையையே கட்ட வேண்டும் என்றார்கள். வாசலில் ஊர் உட்கார்ந்திருந்தது. உள்ளே பெண்கள் குளிப்பாட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் மீனம்மாள், முகூர்த்தத்துக்கென்று நான் தைத்து வைத்திருந்த அரக்கு ரவிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை.

"ஏங்க, தொளதொளன்னு கெடக்கு. கொஞ்சம் புடிச்சுக் குடுங்க."

கடையைத் திறந்து, மிஷினில் உட்கார்ந்து, பிடித்துக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் நாலு நாலு நூல். கச்சிதமாக உட்கார்ந்ததாகச் சொன்னார்கள்.

மாப்பிள்ளை ரெங்கராஜுக்கு வைகாசியிலேயே வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. பெண் நல்ல சதைப்பிடிப்பு என்று உடையப்பன் சொன்னார். கும்பாவை மீனம்மாள் பரணில் தூக்கிப் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் தைத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் காலை எடுத்தால் உள்ளேயிருந்து விரலால் வழிக்கிற சத்தம் வருகிறது. அதனால் காலை எடுக்காமல் தைக்கப் பழகிக்கொண்டேன். வேலை அதிகமாக நடக்கிறது. கடைக்கு நல்ல பெயர்.

ஆக, பொதுமக்களே, செய்தது நான். ஒரு தகப்பன் தன் மகளுக்கு ஒரு மாப்பிள்ளை அமைய வேண்டும் என்பதற்காகச் செய்தது. மாப்பிள்ளை வீட்டார் அப்படி ஒரு சொல் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அந்த ரவிக்கையைத் தொட்டிருக்கவே மாட்டேன். இதைத்தான் மூன்று வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தது ஆவணியில். அளவு ரவிக்கையை நான் முதலில் பிடித்தது சித்திரையில், போர்டு மாட்டிய வாரம்.