போனா ரெண்டு, வந்தா அஞ்சு

ஹலோ... ஹலோ, முத்துநாயகம் அண்ணாச்சியா?... நான் கோட்டாறு ஜெபதாஸ்... ஆமா, ஆமா, பிரீனாக்க அப்பாதான்... சொகம், சொகம். அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம நிச்சயதார்த்தம் வேண்டாம்... ஆமா, வேண்டாம்னுதான் சொல்லுதேன்... பந்தல்காரன் கெடக்கட்டும்!

ஐயோ, ஒங்க மகன் எபிசன நான் ஒரு கொறயும் சொல்லல. தங்கமான பையன். கொற அந்த மஸ்கட் பிளேன்லதான்.

...கேளுங்க. பெங்களூர் மாப்பிள்ளய எதுக்கு வேண்டாம்னேன்? ராத்திரி பூரா ரயில்ல இருக்கணும். ஒத்தப் பிள்ள, அவ்வளவு தூரம் விடமாட்டேன்னேன். நீங்கதானே சொன்னிய, திருவனந்தபுரத்துல எட்டரைக்கு ஏறுனா மஸ்கட்ல பத்தரைக்கு எறங்கிரலாம்னு? ரெண்டே மணிக்கூர்! கீரிப்பாறைக்கு எஸ்டேட் பஸ்ஸுல போற மாதிரிதான்னு சம்மதிச்சேன்...

ஆனா வரும்போ? அங்க பதினொண்ணரைக்கு ஏறுனா இங்க எறங்க நாலரையாம்! அஞ்சு மணிக்கூர்!... அதே பிளேன், அதே கடலு. போறதுக்கு ரெண்டு, வாறதுக்கு அஞ்சா? எம்பிள்ளைக்கு அங்க ஒரு சங்கடம்னா எப்போ வந்து சேருவா?

என்னது?... எதிர்காத்தா? அண்ணாச்சி, ஆரல்வாய்மொழில கரண்டு எடுக்குற காத்தாடிக்குக் கீழ இருக்கிய, ஒங்களுக்கு எல்லாமே காத்துதான்...

...மெதுவா, மெதுவா... அங்க எட்டுன்னா இங்க ஒம்பதரை... ம்... ஆமா... போகும்போ கடிகாரத்துல ஒன்றரை கொறையும்... வரும்போ கூடும்... அப்போ உள்ளபடி பறக்கது மூணரை?... ரெண்டு பக்கமும் மூணரையா?... அத மொதல்லயே சொல்லப்படாதா! நேத்துலருந்து எனக்குச் சோறு எறங்கல.

சரி... மூணரை. பெங்களூருக்கு எவ்வளவோ பரவால்ல... ஆமா, ஆமா, வச்சிரலாம், நிச்சயத்த வச்சிரலாம். பந்தல்காரன்ட்ட ஒண்ணும் சொல்லிராதிங்க...

இருங்க, பிரீனா என்னமோ சொல்லுதா. ஏட்டி, என்ன?... எங்க?... அண்ணாச்சி, ஒரு நிமிஷம்...

அண்ணாச்சி... பிள்ளைக்கு அயர்லாந்துல நர்ஸ் வேலை சரியாயிட்டாம்... எனக்கும் இப்பந்தான் தெரியும். ஒங்க மகனும் மஸ்கட்ட விட்டுட்டு அவகூடப் போறாராம். ரெண்டுபேரும் பேசி முடிச்சிட்டாவளாம்... ஒங்கள்ட்ட சொல்லலயா?... இவ அம்மைக்குத் தெரியுமாம். ஒங்க வீட்டுலயும் தெரியுமாமே... நம்ம ரெண்டுபேருக்குந்தான் தெரியாது.

ஏட்டி, அதுக்கு எத்தன மணிக்கூர்?... அண்ணாச்சி, நேரா பிளேனே கெடையாதாம். எடையில எறங்கி மாறணுமாம்...

கோவமா?... வரமாட்டேங்கு அண்ணாச்சி. வேலை கெடச்சதச் சொல்லும்போ சிரிக்கா. அவ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல... அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?

அண்ணாச்சி, அழாதிங்க... அழாதிங்கன்னா, எனக்கும் வந்துரும்...

ஒண்ணு செய்யுங்க. சட்டையப் போட்டுட்டு பஸ் ஏறுங்க... இப்பவேதான்... பேசறதுக்கு ஒண்ணும் வேண்டாம், சும்மா ஒரு சாயா குடிப்போம். வடசேரி பஸ்டாண்டுல நான் நிக்கேன். நமக்குள்ள அர மணிக்கூர் தூரந்தானே... சரி, வையுங்க.