ஒன்பதாவது ‘டி’யில வராத பொண்ணு

உக்காருங்க, உக்காருங்க... பின்னாடி நிக்கறவங்களும் அந்த ஜமுக்காளத்துல உக்காருங்க. இந்த வருஷம் புதுசா மட்டும் இருநூத்திப் பத்துப் புள்ளைங்க. கேட்டா பெருமையா இருக்குதில்ல? எல்லாரும் கை தட்டுனீங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க.

ஏன் பயம்னு ஒரு சின்னக் கதையா சொல்லிடறேன். கதைன்னா எட்டூருக்கு அந்தப் பக்கம் நடந்தது இல்ல... போன வருஷம், இதே பள்ளிக்கூடத்துல, தலைமையாசிரியைன்னு என் பேரு போட்ட ரூமுல, என் கண்ணு முன்னால நடந்தது. அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்றேன். பேரை மட்டும் மாத்திக்கறேன். சுகிர்தான்னு வெச்சுக்குவோம்.

சுகிர்தா அப்பத்தான் ஒன்பதாவது சேர்ந்திருந்தா. அப்பா போர்வெல் லாரியில ஆந்திராப் பக்கம் வேலை. பள்ளிக்கூடம் திறந்து பத்து நாள் ஆச்சு. அவர் செல்லுக்கு ஒரு மெசேஜ் போகுது. அனுப்பினது யாரு? நாமதான். என்ன மெசேஜ்? “உங்கள் மகள் பத்து நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை.”

யோசிச்சுப் பாருங்க... தினமும் எட்டரைக்கு யூனிபார்ம் போட்டு, ரெட்டை ஜடை பின்னி, டவுன் பஸ் ஏறிப் போற பொண்ணு. பள்ளிக்கூடத்துக்கு வரலைன்னா எங்க போனா? யாரோட போனா? பெத்தவன் மனசு எங்கெங்க ஓடும்?

போட்டது போட்டபடி கெளம்பி வந்துட்டார். ரெண்டு நாள் பொண்ணை வீட்டை விட்டு வெளிய விடல. மூணாம் நாள் என் ரூமுக்கு இழுத்துட்டு வந்தார். பின்னாடியே அவங்கம்மா, முந்தானைய வாயில அழுத்திக்கிட்டு. அந்தப் பொண்ணோட இடது கன்னம் வீங்கி இருந்துச்சு.

“டிசி குடுத்துருங்க டீச்சர்.”

“என்னங்க ஆச்சு? உக்காருங்க.”

“உக்கார வரலீங்க. இவ படிச்சுக் கிழிச்சது போதும். திங்கக்கெழமை மில்லு வேன் வருது, வேலைக்கு ஏத்தி அனுப்பிடறேன். பத்து நாளா எங்க சுத்துனீன்னு கேட்டா, பள்ளிக்கூடத்துக்குத்தான் போனேங்கறா. பொய்யி! பள்ளிக்கூடமே சொல்லுது, வரலைன்னு!”

நான் என்ன பண்ணேன்? ‘டி’ பிரிவு வருகைப் பதிவேட்டைக் கொண்டு வரச் சொன்னேன். பத்து நாளும் ஆப்சென்ட். கிளாஸ் டீச்சர் சிவகாமியைக் கூப்பிட்டேன். அவங்க பொண்ணை ஏற இறங்கப் பாத்துட்டு, “இந்தப் பொண்ணை நான் பாத்ததே இல்லீங்க மேடம்”னு சொல்லிட்டாங்க. அது சத்தியமான வார்த்தைங்க.

சுகிர்தா வாயைத் தொறந்தா. “டீச்சர், நான்...”

“வாய மூடு!” அவங்கப்பா.

சரி, அவருதான் கோபக்காரர். நான்? பி.எட். படிச்சவ, இருபத்தாறு வருஷ சர்வீஸ். நானாவது “நீ சொல்லு கண்ணு”ன்னு கேட்டனா? கேக்கலீங்க! “உண்மையச் சொல்லு, எங்க போன?”ன்னுதான் கேட்டேன். தீர விசாரிப்பதே மெய்னு உங்க புள்ளைங்களுக்குப் போர்டுல எழுதிப் போடறவ நான். டிசி எழுதறதுக்குப் பேனா மூடியத் தொறந்துட்டேன்.

அப்ப வாசல்ல சத்துணவு சமைக்கற ஜெயக்கொடி அக்கா வந்து நிக்கறாங்க. ஸ்டோர் ரூம் சாவி கேக்க வந்தவங்க. பொண்ணைப் பாத்தாங்க.

“ஏங் கண்ணு, இங்க எதுக்கு நிக்கற? ரெண்டு நாளா சாப்பிட வரலையே, காய்ச்சலா?”

பேனாவைக் கீழ வெச்சுட்டேன்.

“அக்கா... இந்தப் பொண்ணை உங்களுக்குத் தெரியுமா?”

“ஏனுங்க தெரியாது? தெனமும் ‘பி’ கிளாசு புள்ளைங்களோட வரிசையில வருமே! முட்டையில மஞ்சக்கரு திங்காது. பக்கத்துப் புள்ளைக்குக் குடுத்துரும்.”

புரிஞ்சுதுங்களா? ‘டி’ போன வருஷம்தான் ஆரம்பிச்சோம், கூட்டம் தாங்காம. இவ பேரு ‘டி’யில. இவ ஊருல இருந்து வந்த மத்த நாலு பொண்ணுங்க ‘பி’யில. எட்டாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. மொத நாள் கூட்டத்துல அவங்க கையைப் புடிச்சுட்டுப் போய் ‘பி’யில உக்காந்துட்டா. ‘டி’யில பேரு இருக்குது, ஆளில்ல. ‘பி’யில ஆளிருக்குது, பேரில்ல. லிஸ்ட்டு இன்னும் சரியாகலைன்னு ‘பி’ வாத்தியாரும் விட்டுட்டார்.

நான் அவகிட்டக் கேட்டேன், “ஏம்மா, இத நீ யாருகிட்டயும் சொல்லலையா?”

“தெனமும் எந்திரிச்சு நின்னு சொன்னேன் டீச்சர்... என் பேரைக் கூப்பிடலைன்னு. ‘வரும், உக்காரு’ன்னாங்க.”

அவங்கப்பா அப்படியே தரையில உக்காந்துட்டார். அவ்வளவு பெரிய ஆளு. “அடிச்சுப்போட்டனே டீச்சர்... கையெடுத்துக் கும்புட்டுச் சொன்னாளே, அப்பவும் அடிச்சுப்போட்டனே”ன்னு. அந்த அழுகை இன்னும் என் காதுல இருக்குது.

தாய்மார்களே, அப்பாமார்களே... அவர் கெட்டவர் இல்ல. சிவகாமி டீச்சரும் கெட்டவங்க இல்ல. ஆளாளுக்கு அவங்கவங்க வேலையச் செஞ்சோம். ஆனா ஒரு புள்ளையோட வாழ்க்கை மில்லு வேன்ல ஏறப் பாத்துச்சு. ஏன்? பள்ளிக்கூடம் பெருசாகிப் போச்சு. நாங்க பேரை எழுதி வெச்சோம், மூஞ்சியப் பாக்கல. சோறு போட்டவங்க பாத்தாங்க.

அதனால உங்களக் கேட்டுக்கறேன். எங்ககிட்ட இருந்து மெசேஜ் வந்தா, அது என்ன வேதவாக்கா? அனுப்பறது நாங்கதான், நாங்களும் தப்புப் பண்ணுவோம். மொதல்ல புள்ளையக் கேளுங்க. கேட்டுட்டு எனக்குப் போன் போடுங்க, இல்ல நேரா வாங்க. கையை மட்டும் ஓங்காதீங்க.

பசங்களா, உங்களுக்கும்தான். இப்ப மணி அடிச்சதும் வகுப்புல பேர் கூப்பிடுவாங்க. உங்க பேரு வரலைன்னா உக்காராதீங்க. பக்கத்துல இருக்கறவன் பேரு வரலைன்னா அவன் கையைப் புடிச்சு என் ரூமுக்குக் கூட்டிட்டு வாங்க. யாரு உக்காருன்னு சொன்னாலும் உக்காராதீங்க. நானே சொன்னாலும்!