அறிக்கையின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பச் சொன்ன கமலாட்சி அம்மையாருக்கு

குருதியைக் குழாயிலும் குடும்பக் கதையைக் காதிலும் சேகரித்த குணவதியே, தெப்ராவ் ஆய்வுக்கூடத்தின் தேயாத் திங்களே, வணக்கம்.

முப்பத்தோர் ஆண்டுப் பணி முடித்து விடைபெறும் கமலாட்சி அம்மையாரைப் பற்றி அவர் காதுபடவே பேச எங்களுக்கு இன்றுதான் துணிவு வந்திருக்கிறது. ஊசி குத்துமுன்னரே வந்தவரின் தாய்மாமன் வயிற்று வலிவரை விசாரித்துவிடுவார். வாயாடி என்றோம். மரபுவழி நோய்களில் அந்த விசாரணைதான் முதல் பரிசோதனை என்பது எங்களுக்குத் தாமதமாகவே உறைத்தது.

சென்ற ஆண்டு, லாயாங் லாயாங்கில் கோதுமை மாவை வீசிச் சுடும் ரொட்டி சானாய் கடை நடத்தும் ஜெயபாலன் அறிக்கையும் கையுமாக வந்தார். கோதுமையிலுள்ள புரதத்தால் குடல் புண்ணாகும் சீலியாக் நோய் மகள் சாருமதிக்கு உறுதியாகியிருந்ததால், வீட்டாரையும் சோதித்திருந்தார்கள். அவர் தாளில் அந்நோய்க்குரிய மரபணு ‘பாசிட்டிவ்’. அன்றே கடையை அடைத்தவர், ரொட்டிக்கல்லை வாங்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

“எனக்கும் நோய்தாங்க. புள்ளைக்கும் நான்தான் குடுத்திருக்கேன்.”

அம்மையார் தாளை வாங்கவில்லை. வயிற்றை விசாரித்தார், ஒரு குறையுமில்லை.

“ரத்தம் எடுத்த நாள்கள்ல வழக்கம்போல ரொட்டி சாப்பிட்டுக்கிட்டுதானே இருந்தீங்க?”

“தெனம் நாலு.”

“அலமாக், ரெண்டாவது பக்கத்தைத் திருப்புங்கண்ணே.”

அதுவரை அவர் அதைத் திருப்பியே பார்த்திருக்கவில்லை. அங்கே, கோதுமை உண்டுவருபவரிடம் மட்டுமே நம்பத்தக்கதான, நோயைக் காட்டும் இரத்தச் சோதனை ‘நெகட்டிவ்’.

“இந்த மரபணு நூறு பேர்ல முப்பது பேருக்கு இருக்கும். அதுல ஒருத்தர் ரெண்டு பேருக்குத்தான் நோய் வரும். இது இல்லேன்னா அனேகமா நோய் இல்லைன்னு சொல்லலாம். இருக்குன்னா நோய் வந்துருச்சுன்னு அர்த்தம் இல்லை லா. டாக்டர்கிட்டயும் கேட்டுக்குங்க. அதுவரைக்கும் கல்லை விக்காதீங்க.”

“புள்ளைக்கு?”

“மூக்கையும்தான் குடுத்தீங்க, கேட்டுக்கிட்டா குடுத்தீங்க? அவங்க அம்மா பக்கத்துலேர்ந்தும் வந்திருக்கலாம். உங்க வீட்டுக்காரம்மா தாள் எங்க, அதையும் காட்டுங்க.”

ஆறுதலுக்குக் கேட்டாரா, ஆவலில் கேட்டாரா என்பது அம்மையாருக்கே வெளிச்சம். ஜெயபாலன் சிரித்துவிட்டார். அம்மையாருக்கோ, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அன்று பகல் சோறு இறங்கவில்லை. மாலையில் மருத்துவரும் அதையே சொன்னாராம். அதன்பிறகு இரட்டைப் பங்கு இறங்கியது.

இன்றைய விருந்தின் ரொட்டி ஜெயபாலன் வீசியது. சாருமதிக்கு வீட்டிலேயே தனிக் கல்லில் சுட்ட அரிசித் தோசை. நோயுள்ளவளுக்கு நெருங்கிய உறவு என்பதால் ஜெயபாலனை அவ்வப்போது சோதிக்கவேண்டுமாம். இனி யார் குத்தினாலும் வலிக்கும் என்று இப்போதே முனகுகிறார்.

நோய் நாடா உடலும் நகை நீங்கா முகமுமாய் அம்மையார் நூறாண்டு வாழ்க. அவர் குடியேறும் தங்காக் தெருவாரும், தத்தம் வயிற்றுக் கதையைத் தயாராக வைத்துக்கொண்டு, நலமாக வாழ்க.

அன்புடன்,
எதையும் அவரிடம் ஒளிக்க முடியாத
ஆய்வுக்கூட ஊழியர்கள்