வாப்பாவுக்கு நிக்காஹ்

— வாதமடிச்சிப் படுக்கையில கிடக்கிற வாப்பாவுக்கு நிக்காஹ்வா, அர்கம் நானா? உள்ளுக்குப் புதுச் சாரியோட இருக்கிற மனிசி ஆரு?

— கத்தாத மர்ளியா. அவ கரைத்தீவு சுல்பா. புருஷன் மௌத்தான விதவ. காலையில நிக்காஹ் முடிஞ்சிட்டு, இனி ஒனக்கு உம்மா முறை.

— எனக்கிட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா?

— என்னத்துக்கு? வாப்பாவக் கழுவணும், சாரம் மாத்தணும். மகள் நீ செய்யேலா. அந்நியப் பொம்பள தொடேலா. பொஞ்சாதியெண்டா பாவமில்ல.

— மகன் நீங்க இருக்கீங்களே! ஒங்கட கையிலயும் வாதமா?

— தில்லையடியில கடையப் போட்டுட்டு நான் இஞ்ச வந்து பீ அள்ளவா?

— அதுக்கு ஒரு பொம்பளய நிக்காஹ் செஞ்சி வெக்கிறதா? வெக்கமில்லயா ஒங்களுக்கு? வாப்பாட வள்ளத்த வித்தீங்க, வாய் தொறக்கல்ல. இது வள்ளமில்ல நானா, வாப்பா!

— மூத்த ஆம்பிளப்புள்ள நான். அவருக்கு நான்தான் பொறுப்பு.

— ஆர் தந்த பொறுப்பு? வள்ளம் வித்த அண்டைக்கே லோயர்ட்டக் கேட்டுட்டன். புத்தி தெளிவில்லாத மனிசனுக்கு ஆர் பொறுப்பெண்டு கோட்டு நீதிபதிதான் சொல்லணும். அதக் கேக்க மகனுக்குள்ள உரிமை மகளுக்கும் இருக்கு.

— வாப்பாட புத்திக்கு ஒரு கொறையுமில்ல. அவரே வாயால கபூல் சொல்லி நிக்காஹ்வ ஏத்துக்கொண்டார்.

— தண்ணி வேணுமெண்டு கேக்கேலாத மனிசன்! என்ட பேரே வராத நாக்கில கபூல் வந்திச்சா?

— அல்லாஹ் வர வெச்சான். சாட்சிக்காரர் ரெண்டு பேரும் கேட்டாங்க.

— ஒங்கட கூட்டாளிமார்தானே!

— அப்ப நீ கோட்டுக்குப் போ. ஒனக்கு ஆரு சாட்சி சொல்ல வாறாண்டு பாப்பம்.

— நான் வாறன், மகள்.

— சுல்பா! நீங்க அறைக்குள்ள போங்க!

— போகமாட்டன் தம்பி. மாப்பிள்ளைக்குக் கால்தான் கொஞ்சம் ஏலாதெண்டு என்னக் கூட்டிவந்தீங்க. நிக்காஹ் முடிஞ்ச பொறகுதான் அந்த மனிசன்ட முகத்தப் பாத்தன். பாவம், மூச்சுத்தான் இருக்கு. மகள், ஒங்கட கோட்டுல இதச் சொல்லுறன்: திரைக்குப் பொறகால இருந்து நான் கேட்ட கபூல், இப்ப என்ன உள்ளுக்குப் போகச் சொன்ன இந்தக் குரல்தான்.