சமாதானக் கூட்டத்துப் பிளக்ஸ்

சவரிமுத்து: பிளக்ஸ்ல அந்தப் புறாவக் கொஞ்சம் இங்குட்டுத் திருப்பு உடையப்பா.

உடையப்பன்: அண்ணே, இதோட நாலு தடவ திருப்பியாச்சு. இந்நேரம் அதுக்கே தல சுத்தியிருக்கும்.

எபநேசர்: அப்படித் திருப்புனா வாலு எங்க பாஸ்டர் மூஞ்சிக்கு நேரா வருது. அவுகள்ட்டச் சொல்லு தம்பி.

உடையப்பன்: அவுக உங்களுக்கு அடுத்த சேர்லதான இருக்காக. நீங்களே சொல்லலாமுல்ல?

எபநேசர்: நீ சொல்லு.

சவரிமுத்து: இப்ப மட்டும் எங்க பங்குச்சாமி தலைக்கு மேல வாலு இல்லையாமா? கேட்டுச் சொல்லு.

உடையப்பன்: ஆத்தாடி... போரு நிக்கணும்னு மூணு சபைக்காரவுகளும் சேந்து கூட்டம் போடுறீக. ஒரு புறாவ ஒரு எடத்துல நிறுத்த முடியல. சிஎஸ்ஐ சர்ச்சு ஐயரு தேவல. எம் போட்டோவக் கடைசில போட்டாலும் சரிதான்னு போன்லயே சொல்லிட்டாரு.

சவரிமுத்து: அவருக்கென்ன... நடுவுல போட்டுட்ட.

உடையப்பன்: வேற யாரப் போட? உங்க சாமியாரையும் அவுக பாஸ்டரையும் பக்கத்துல பக்கத்துல போடாதன்னு ரெண்டு பேரும் தனித்தனியா போன் பண்ணுனீகள்ல?

எபநேசர்: அது... இருக்கட்டும். மேல என்ன படம் அது?

உடையப்பன்: மாதா படம். அண்ணந்தான் வாட்ஸ்அப்புல அனுப்புனாக.

எபநேசர்: அது இருந்தா எங்க சபையில ஒரு ஆளு வரமாட்டான்.

சவரிமுத்து: அது இல்லைன்னா எங்க பங்குல ஒரு பொம்பள வரமாட்டா. சொல்லு.

உடையப்பன்: எதுக்குச் சொல்ல? அவுக காதுலயே விழுந்துருச்சு. அண்ணே, அஞ்சு மணிக்குக் கூட்டம். இப்பவே பன்னெண்டாகப் போகுது. இனிமே மிசின்ல ஏத்தணும், ஓரம் ஒட்டணும், சட்டத்துல அடிக்கணும். கேக்குறேனேன்னு நெனக்காதீக... சம்பந்திக ரெண்டு பேரும் பேசி எத்தன மாசமாச்சு?

சவரிமுத்து: பதினோரு மாசம்.

எபநேசர்: பன்னெண்டு. பேத்திக்கு வார வெள்ளிக்கிழமையோட ஒரு வயசு.

சவரிமுத்து: வயசு ஆச்சு. இன்னும் தலையில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல. பெறந்த புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கணுமா வேணாமா? நீயே சொல்லு.

எபநேசர்: பச்சப்புள்ளைக்கு என்ன தெரியும்? வளந்து, வெவரம் தெரிஞ்சு, தானா வந்து தண்ணியில முழுகணும். பைபிள்ல அப்படித்தான் இருக்கு.

உடையப்பன்: எனக்குப் புரிஞ்சத சொல்றேன். ஒருத்தருக்கு ஊத்தணும், ஒருத்தருக்கு முக்கணும். தண்ணி ஒண்ணுதான?

சவரிமுத்து: இல்ல!

எபநேசர்: எப்படி ஒண்ணாகும்?

உடையப்பன்: இந்தா... இதுல மட்டும் ஒத்துமையாத்தான் இருக்கீக. சரி, வெளிநாட்டுல மகளும் மருமகனும் எப்படி இருக்காக? டிவில பூரா அந்த ஊருச் சண்டையத்தான் காட்டுறாகண்ணே.

சவரிமுத்து: நேத்து எம்மக சகாயராணி பேசுனா. அவ வேல பாக்குற ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவுல குண்டு ஒண்ணு விழுந்திருக்கு. ஜன்னல் கண்ணாடி பூரா...

எபநேசர்: வீட்டுலயும் நாலு ஜன்னல் போச்சு. எம்மகன் வீடியோல காட்டுனான். பிள்ளைய பாத்ரூமுக்குள்ள மெத்தையப் போட்டுத்தான் தூங்க வைக்கிறாகளாம்.

சவரிமுத்து: பாத்ரூமுக்குள்ளயா?... எங்கிட்ட அவ சொல்லலையே. எத்தன நாளான்னு கேளு உடையப்பா.

எபநேசர்: மூணு நாளா... தம்பி, அவுகளுக்குக் கொஞ்சம் தண்ணி குடு.

உடையப்பன்: இந்தாங்கண்ணே, குடிங்க.

எபநேசர்: போரு நின்னாத்தான் பிள்ளைக ஊரு வந்து சேரும். அதுக்குத்தான் இந்தக் கூட்டமே. எங்க பாஸ்டர்ட்ட மொத மொத சொன்னது நான்தான்.

சவரிமுத்து: நான் எங்க சாமிட்ட அதுக்கு மொத நாளே சொல்லிட்டேன்.

உடையப்பன்: அட இருங்கண்ணே. போரு நிக்கிற வரைக்கும் எதுக்கு இருக்கணும்? கவர்மெண்டுல தனி பிளேன் விடுறாகளே. கண்டரமாணிக்கத்துப் பையன் ஒருத்தன் முந்தாநாளு அதுலதான் வந்து எறங்குனான். இதுக ஏன் வரல?

சவரிமுத்து: டிக்கெட்டு கெடைக்கல.

எபநேசர்: ஆஸ்பத்திரில லீவு தரல.

உடையப்பன்: ரெண்டுல எதுண்ணே?

எபநேசர்: டிக்கெட்டு வந்து ஒம்பது நாளாச்சு தம்பி. லீவும் குடுத்துட்டாக. அதுகதான் வரமாட்டேங்குதுக.

உடையப்பன்: குண்டு விழுற ஊர விட்டுட்டு வரமாட்டேங்குதுகளா? ஏன்?

சவரிமுத்து: "இங்கயாச்சும் குண்டு விழுறதுக்கு முன்னாடி சைரன் ஊதுறாகப்பா, பிள்ளையத் தூக்கிட்டு ஓடி ஒளிஞ்சுக்கிறோம்... அங்க வந்தா நீங்க ரெண்டு பேரும் எப்ப வெடிப்பீகன்னு எங்களுக்கு யாரு சொல்லுவா?"ன்னு கேக்குறா.