மாமியார் மணி

மனித குலம் முழுவதும் செவிசாய்க்க வேண்டிய ஒரு பிரகடனத்துடன் இந்த வாக்குமூலத்தைத் தொடங்குகிறேன்: பழைய வெள்ளியைப் பற்பசை போட்டுத் துலக்கக் கூடாது. கருத்தது கருத்தபடியே இருக்கட்டும். நாற்பது வருடம் நவஹோ பழங்குடி நாட்டில் கடை வைத்திருந்தவன் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள், அதிகாரி டொஹானி. காவல்துறைக்கும் அழகுணர்ச்சி வேண்டும்.

சாண்டா ஃபேயிலிருந்து ஒரு நிபுணர் வருவார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடி வழியாக ஒரு காப்பைப் பார்த்து, “இதில் ஓர் இனத்தின் ஆன்மா பேசுகிறது” என்பார். அது டென்வர் ஆலையில் போன மாதம் அச்சடித்தது. அவருக்கு இரண்டு ஆன்மாக்கள் விற்றேன். அசல் சரக்கு மெக்சிகோ வெள்ளிக் காசை உருக்கி அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு கையில் ஏந்தினாலே தெரியும். அதை நான் விற்றதில்லை.

எப்படிச் சேர்த்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கப்போகும் அல்புகர்க்கி நீதிபதிக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். உங்கள் நவஹோ ஆட்கள் பிணத்தைத் தொட மாட்டார்கள். வீட்டுக்குள் யாராவது செத்தால் அந்த வீட்டையே விட்டுவிட வேண்டும் என்பதால், சாகப்போகிறவரை வெளியே தழைப்பந்தலில் கொண்டு போய்ப் படுக்க வைப்பார்கள். முடிந்த பிறகு கடைக்கார வெள்ளைக்காரனைக் கூப்பிடுவார்கள். நான் போய், போட்டிருக்கும் நகையோடு பாறை இடுக்கில் வைத்துக் கல்லடுக்கி மூடிவிட்டு வருவேன். ‘மண்வெட்டி’ என்று எனக்குப் பேர் வந்தது அப்படித்தான்.

இரண்டாவது அடக்கத்தில் ஒரு மோதிரத்தை எடுத்தேன். பாறைக்கு எதற்கு மோதிரம்? பிறகு அது வழக்கமாகிவிட்டது. யாரும் கல்லைப் புரட்டிப் பார்க்கப் போவதில்லை, செத்தவர் பேரைக்கூடச் சொல்லப் போவதில்லை. எந்தத் திருடனுக்கும் இப்படி ஓர் ஊர் வாய்க்காது. நான் திருடன் இல்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் ஒன்று. மற்றவன் வயிறெரிய வேண்டும் என்பதற்காகத்தான் மனிதன் பொருள் சேர்க்கிறான். எனக்கு வயிறெரிய ஆளில்லை. என் மனைவி மூன்றாவது குளிர்காலத்திலேயே காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கான்சாஸுக்குப் போய்விட்டாள். பின்னறையில் நான் தட்டு இரண்டு வைப்பேன். எதிர் நாற்காலியின் முதுகில் ஓர் ஆரத்தை மாட்டிவிட்டுச் சாப்பிடுவேன். திங்களுக்கு ஒன்று, செவ்வாய்க்கு ஒன்று. குறுக்கே பேசாத விருந்தாளிகள்.

கிளெனிபா கிழவி சனிக்கிழமைகளில் கடைக்கு வருவாள். பேரைச் சொன்னதற்கு மன்னியுங்கள், நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது தெரிகிறது. அவள் இடுப்புக் கச்சையில் ஏழு வெள்ளி மணிகள், சுண்டைக்காய் அளவு. மாமியார் வருகிறாள், மருமகனே ஒதுங்கு என்பதற்கான மணி. உங்கள் ஆட்கள் நம்பிக்கைப்படி மாமியார் முகத்தை மருமகன் பார்த்தால் கண் போய்விடும் அல்லவா? மணிச் சத்தம் கேட்டதும் மருமகன் ஹாஸ்கி என் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் தவழ்ந்து கொல்லைக் கதவு வழியாக ஓடுவான்.

“ஏ மண்வெட்டி, உன் மூட்டைக்குப் பின்னாடி பெருச்சாளி ஓடுதே?”

“பெருச்சாளி இல்லம்மா, உங்க மருமகன்.”

“ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் என் ஆட்டுக்கறியத் தின்னுட்டுத் தூங்குது.”

பன்னிரண்டு வருடம் அந்த மணியைக் கேட்டேன். விலைக்குக் கேட்டேன், சும்மாவும் கேட்டேன்.

“குடுத்துட்டா அந்தப் பய என் மூஞ்சியப் பாத்துக் கண்ணவிஞ்சு போவான். எம்மக குருடனுக்கா ஆக்கிப் போடணும்? போய்யா, போய்க் கடலை விக்கற வேலையப் பாரு.”

நான் கடலை விற்றதே இல்லை.

நாற்பத்தொன்பதில் பனி கொட்டிய வருடம் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மகள் இர்மா அவளைப் பந்தலில் படுக்க வைத்துவிட்டு, மாமன்மாருக்குச் சொல்லக் குதிரையில் போனாள். போக ஒரு நாள், வர ஒரு நாள். காவலுக்கு ஹாஸ்கி மட்டும், பந்தலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவள் இருமினால் மணி குலுங்கும். அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். மதியம் என் கடைக்கு வந்தான்.

“மண்வெட்டியாரே, அவங்க போயிட்டாங்க.”

“பாத்தியா?”

“நான் எப்பிடிய்யா பாக்கறது? மணி நின்னுருச்சு.”

நியாயமான பதில். போனேன். அவன் மேட்டுக்கு அந்தப் பக்கம் குதிரையைப் பிடித்துக்கொண்டு, திரும்பி நின்றான். நான் கல்லெல்லாம் பொறுக்கி வைத்துவிட்டு அவளைத் தூக்கினேன். அப்போது அவன் கத்தினான்:

“ஐயா! மணி கேக்குது!”

“கச்சைய ஒழுங்கா வெக்கறேன். நீ திரும்பாத, கண்ணு போயிரும்.”

“சரிங்கய்யா. நீங்க நல்லா இருக்கணும்.”

நல்ல பிள்ளை. எனக்காகப் பிரார்த்தித்த ஒரே ஆள் அவன்தான்.

பத்தொன்பது வருடம் அந்தக் கச்சை என் எதிர் நாற்காலியில் இருந்தது. சாப்பிட உட்காரும்போது இரண்டு முறை குலுக்குவேன். யாரோ வருகிறார்கள் என்பது போல இருக்கும். எனக்கு அது போதும். போன வியாழன் மதியமும் குலுக்கினேன். கடைக்குள் ஆள் இருப்பது தெரியாது. மாவு மூட்டை சரியும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். தலை நரைத்த ஹாஸ்கி, முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டு, கொல்லைக் கதவைத் தடவித் தேடிக்கொண்டிருந்தான். வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றபடி கேட்டான்:

“அவங்க உள்ள இருக்காங்களா?”

அவன் நேராக உங்களிடம் வந்துவிட்டான்.

மொத்தம் முப்பத்தோரு உருப்படி, எல்லாம் பின்னறையில். ஒவ்வொன்றையும் உங்களுக்கு நானே காட்ட வேண்டும் என்று ஆசை. இதுவரை யாருக்கும் காட்டியதில்லை. ஆனால் நீங்கள் அதையெல்லாம் விட்டுவிட்டு, அவளை அடக்கம் செய்த அன்றைக்கு மணி ஏன் கேட்டது என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஹாஸ்கியிடம் சொன்னது பொய்யில்லை, கச்சையை நான் அவிழ்த்தேன்தான். கொஞ்சம் பிந்தி. முதலில் அவள் என் சட்டைக் கையைப் பிடித்தாள். உதடு ஒட்டியிருந்ததால் பேச்சு வரவில்லை. நான் யோசித்துத்தான் செய்தேன். இர்மா வர இன்னும் ஒரு நாள் ஆகும். குளிரோ கடுமை. பிழைத்தால் அந்த மணியைக் கடைசிவரை தரப்போவதில்லை. பன்னிரண்டு வருடம் பொறுத்தவனைப் பேராசைக்காரன் என்று யாரும் சொல்ல முடியாது. அவளைத் தனியாக விட்டுவிட்டும் நான் வரவில்லை, முடியும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.

கடைசிக் கல்லை வைக்கும்போதும் அவள் உயிரோடுதான் இருந்தாள்.